வேலையிடத்தில் மனச்சோர்வைச் சொல்வதா, விடுவதா

கிளினிக் கொப்பியை எங்கே வைப்பது என்பதுதான் எனக்கு வந்த முதல் கவலை. மனச்சோர்வு நோய் என்று டொக்டர் சொன்னதும், மருந்து எடுத்தால் சுகப்படுத்தலாம் என்றதும் காதில் விழுந்ததுதான். ஆனால் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று, நாளைக்கு வேலைக்குப் போகும்போது இந்தக் கொப்பி பையில் கிடந்து யாராவது கண்டுவிட்டால் என்ன சொல்வது.

அப்போது நான் கடன் கொடுக்கும் ஒரு கம்பனியில் வெளிக்கள வேலை. மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடியிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போய் வீடு வீடாகத் தவணைக் காசு சேர்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு மரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒன்றரை மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டு, ஆட்கள் வீட்டில் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அந்த வேலையிடத்தில் என் நோயைப் பற்றி நான் சொன்ன விதம் பிழைத்துப்போனது. பிறகு சேர்ந்த இடத்தில் சொன்ன விதம் சரியாக அமைந்தது. அந்த இரண்டையும், இடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து, இப்போதுதான் மருந்து தொடங்கியிருக்கும் ஒருவருக்கு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயின் பெயரைச் சொல்வது வேறு, வேலையில் என்ன உதவி வேண்டும் என்று சொல்வது வேறு. பெயரைச் சொல்லாமலே உதவியைக் கேட்கலாம். இது எனக்கு முதலே தெரிந்திருந்தால் ஒரு வேலை மிஞ்சியிருக்கும்.

இதை வாசிக்கிற உங்களுக்கு வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால் வேலை, மனேஜர், லீவு எல்லாம் பிறகு. இப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியே இருக்க வேண்டாம். இலங்கையில் 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், இரவு பகல் எப்போதும் எடுக்கலாம். 1333 உம் உளவள ஆலோசனைக்கான இலவச இலக்கம். ஆபத்து என்று பட்டால் எந்த அரச ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் நேரே போகலாம், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் வரும்.

முதல் வேலை: இந்தக் கிழமை எந்த முடிவும் எடுக்காமல் இருப்பது

மனச்சோர்வு ஒரு பொல்லாத வேலை செய்யும். நீங்கள் எல்லாருக்கும் பாரம், சம்பளம் வாங்கத் தகுதி இல்லை, எல்லாரையும் ஏமாற்றுகிறீர்கள் என்று உள்ளே இருந்து சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் கேட்கும் நாளில் இரண்டு காரியம் செய்யத் தோன்றும். ஒன்று, மனேஜரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. மற்றது, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது. இரண்டையும் தள்ளிப்போடுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் குளிசைகள் வேலை செய்யத் தொடங்க பொதுவாக இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும், சிலருக்கு ஆறு கிழமையும் ஆகும். முதல் கிழமையில் வயிற்றுப் பிரட்டலும் படபடப்பும் கூடத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மருந்து சரியில்லை என்று விட்டவர்கள் நிறையப் பேர். அந்த நான்கு கிழமை போனபிறகு உங்களுக்கு வருகிற யோசனை, இன்றைக்கு வருகிற யோசனையாக இருக்காது.

ராஜினாமாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உரித்து, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில். நாலரை வருடத்தில் ஒரு மோசமான திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அது போய்விடும். அதோடு, நீங்களாகவே கையெழுத்து வைத்துக் கொடுத்த கடிதம் உங்கள் கையில் இருக்கிற சட்ட வழிகளையும் பலவீனமாக்கும், அதைக் கீழே சொல்கிறேன். எழுதியே ஆகவேண்டும் என்று கை துடித்தால் எழுதி வீட்டில் வையுங்கள். நான் அப்படி எழுதிய ஒன்று இன்னும் ஒரு கொப்பிக்குள் கிடக்கிறது.

அடுத்தது: டொக்டரிடம் கேட்க வேண்டியவை

நோய் உறுதியாகாமல் வேலையிடத்தில் வாய் திறக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், மனம் இறுகிப்போய் இருப்பதும் எதிலும் விருப்பம் இல்லாமல் இருப்பதும், அதோடு நித்திரை, சாப்பாடு, கவனம், உடம்புத் தெம்பு இவையெல்லாம் குழம்பிப் போவதும் இருந்தால் காட்டத்தான் வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கல்முனை, அம்பாறை ஆஸ்பத்திரிகளிலும் மனநல கிளினிக் உண்டு. அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. காலையில் போனால் மத்தியானம் ஆகிவிடும், அவ்வளவுதான்.

ஊரில் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்பார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால் முதல் சில தடவை மட்டக்களப்புக்குப் போகாமல் கல்முனைப் பக்கம் போனேன். அங்கே வரிசையில் என் ஊர்க்காரர் ஒருவர் நின்றார்! இருவரும் தலையை ஆட்டிவிட்டு இருந்துவிட்டோம், இன்றுவரை அவரும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிளினிக்கில் உங்களைக் காண்கிறவரும் கிளினிக்குக்குத்தான் வந்திருக்கிறார்.

வீட்டில் அம்மாவோ மாமியோ கோயிலில் நூல் கட்டுவோம், பார்வை பார்ப்போம் என்று சொன்னால் அதற்காகச் சண்டை பிடித்து இருக்கிற தெம்பையும் செலவழிக்க வேண்டாம். கட்டட்டும். குளிசையை மட்டும் நிறுத்தக்கூடாது.

டொக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் கடுதாசியில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் மறந்துவிடும். முதலாவது, நான் இப்போது வேலைக்குப் போகலாமா, எத்தனை நாள் ஓய்வு வேண்டும். சிலருக்கு முழு ஓய்வை விட அரை வேலையாவது செய்துகொண்டிருப்பது நல்லது என்று சொல்வார்கள், வீட்டில் படுத்தே கிடந்தால் நோய் இன்னும் அழுத்தும். இரண்டாவது, இந்தக் குளிசை நித்திரை தூக்குமா. மனச்சோர்வுக்கான மருந்துகளில் சில நல்லாகத் தூக்கம் வரவைக்கும், சில அப்படி இல்லை. நீங்கள் மோட்டார் சைக்கிள், பஸ், லொறி ஓட்டுகிறவராகவோ அரிசி ஆலையில் இயந்திரத்தோடு நிற்கிறவராகவோ இருந்தால் இது உயிர்க் கேள்வி, மருந்தை மாற்றவோ குடிக்கும் நேரத்தை மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள். மூன்றாவது, மருத்துவச் சான்றிதழில் என்ன எழுதப்போகிறீர்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சான்றிதழ் உங்கள் டொக்டரின் கையை விட்டு ஒபிஸுக்குப் போனால் அதைக் கிளாக் பார்ப்பார், பியோன் பார்ப்பார், பைலில் வருடக்கணக்கில் கிடக்கும். பெயர் குறிப்பிட்டு எழுத வேண்டுமா, பொதுவாக எழுதலாமா என்பதை எழுதும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எழுதிய பிறகு வெட்டித் திருத்தச் சொல்வது சரிவராது.

அப்புறம்: வேலையில் உண்மையில் என்ன தடுக்கிறது?

பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மனச்சோர்வு என்று மட்டும் சொன்னால் மனேஜருக்கு என்ன செய்வதென்று தெரியாது. அவருக்கும் பயம் வரும், பாவம் பார்ப்பார், இல்லையென்றால் ஒதுக்கிவிடுவார். அதனால் ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் இரவில் ஒரு வரி எழுதுங்கள். எது முடியவில்லை, எந்த நேரத்தில் முடியவில்லை, எது முடிந்தது.

நான் எழுதியபோது எனக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. காலையில் பத்து மணி வரைதான் நான் செத்தவன் மாதிரி இருந்தேன், பின்னேரம் ஓரளவு பரவாயில்லை. மனச்சோர்வில் காலை நேரம்தான் மோசம் என்பது பலருக்கும் பொதுவானது, இதை டொக்டரும் சொன்னார். அப்படியென்றால் எனக்கு வேண்டியது காலை எட்டு மணி வேலையை ஒன்பதரைக்குத் தள்ளுவதுதான். மாதக்கணக்கில் லீவு வேண்டியிருக்கவில்லை.

இன்னொருவருக்கு வேறாக இருக்கும். பாசிக்குடாவில் ஹோட்டலில் வேலை செய்கிற ஒரு தம்பிக்கு இரவு முறை வேலையை நிறுத்தினால் போதும் என்றிருந்தது, நித்திரை குழம்பினால் அவருக்கு எல்லாமே குழம்பும். தையல் தொழிற்சாலையில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கு, மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கை ஒரு மாதத்துக்குக் குறைத்தால் சமாளிக்கலாம் என்றிருந்தது. பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் வகுப்பைச் சமாளித்தார், ஆனால் விளையாட்டுப் போட்டிப் பொறுப்பு, கலைவிழாப் பொறுப்பு என்று மேலே மேலே வந்து விழுவதைத்தான் தாங்க முடியவில்லை. கவனம் சிதறுகிறவர்களுக்கு, சொல்கிற வேலையை வாயால் சொல்லாமல் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னாலே பாதிப் பிழை குறையும். கிளினிக் நாளுக்கு அரை நாள் லீவு எல்லாருக்கும் வேண்டும்.

இப்படி எழுதிப் பார்த்தால் சில பேருக்கு ஒன்றுமே கேட்கத் தேவை இல்லை என்றும் தெரியவரும். வேலை ஓடுகிறது, மருந்தும் ஓடுகிறது, கிளினிக்குக்கு இருக்கிற லீவே போதும். அப்படியென்றால் சொல்லாமலே விடுங்கள், அதில் களவு ஒன்றும் இல்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து குடிக்கிறவர் எல்லாம் ஒபிஸில் அறிவித்துவிட்டா குடிக்கிறார்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும், சட்டம் கொஞ்சம்தான் வரும். இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களை வரிசையாகச் சொல்கிறது, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம். நோய் அந்த வரிசையில் இல்லை. அதோடு அடிப்படை உரிமை வழக்கு அரசு செய்கிற காரியத்துக்கு எதிராகத்தான், தனியார் முதலாளிக்கு எதிராகப் போட முடியாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாகுபாடு கூடாது என்கிறது. உடல் குறைபாட்டோடு மனக் குறைபாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்ற அர்த்தத்தில் அதற்கு வரைவிலக்கணம் கொடுத்திருக்கிறது, மருந்து குடித்துக்கொண்டு வேலைக்குப் போகிற நம்மை அதற்குள் கொண்டுவருவது லேசு இல்லை.

சரி, கையில் என்ன இருக்கிறது. கடை, ஒபிஸ் ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வருடாந்த லீவாக 14 நாளும், சொந்த அலுவலுக்கோ சுகவீனத்துக்கோ எடுக்கக்கூடிய கெசுவல் லீவாக 7 நாளும் கொடுக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வருடத்தில் கெசுவல் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்தான். மாதம் ஒரு கிளினிக், அதுவும் அரை நாள் என்றால் இந்த லீவுக்குள்ளேயே அடங்கிவிடும், யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவை வராது. இதைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலை நீக்கம் பற்றி 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாத தனியார் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அந்த எழுத்து மூலச் சம்மதம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பேச்சு வார்த்தை நடக்கிற அன்றைக்கு மேசையில் ஒரு கடுதாசியை நீட்டி, சும்மா ஒரு பதிவுக்குத்தான், கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள் என்றால் வைக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள், மரியாதையாகவே சொல்லலாம். பதினைந்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள சின்ன இடமென்றால் இந்தச் சட்டம் வராது, ஆனால் நிறுத்தியது அநியாயம் என்று தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று பத்திரத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுத வேண்டாம். கேட்காததை நீங்களாகப் போய்ச் சொல்லவும் வேண்டாம். பொய் எழுதியது பிறகு வெளியே வந்தால், நோயை விட்டுவிட்டுப் பொய்யைக் காரணமாக வைத்து உங்களை நிறுத்துவார்கள், அப்போது வாதாட இடம் இருக்காது.

நம்முடைய ஊரில் இதைச் சொன்னால்

கொழும்பில் பெரிய கம்பனியில் இருக்கிறவருக்கு எழுதிய ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாது. இங்கே மனேஜரின் மனைவியும் என் மச்சாளும் வைகாசியில் ஒரே கண்ணகி அம்மன் கோயில் சடங்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள். கணக்குப் பகுதியில் இருக்கிற அக்கா எங்கள் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவர். ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ சாய்ந்தமருதிலோ இருந்து வாசிக்கிறவருக்கும் இது வேறு மாதிரி இருக்காது. ஒபிஸில் சொன்னது இரண்டு நாளில் ஊருக்கு வரும், ஊருக்கு வந்தது கலியாணப் பேச்சுக்குள் வரும், அதுவும் பெண் பிள்ளைகள் என்றால் உங்களுடையது மட்டுமல்ல, தங்கச்சியுடைய பேச்சுக்குள்ளும் வரும். விசர் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லா மனநோயையும் போட்டு மூடிவிடுகிற ஊர் இது. இதைப் பயமுறுத்த எழுதவில்லை, தீர்மானிக்கும்போது தராசில் வைக்க வேண்டிய பாரம் என்பதால் எழுதுகிறேன்.

மற்றத் தட்டிலும் பாரம் இருக்கிறது. ஒன்றுமே சொல்லாமல் பிந்திப் போய், தவறு விட்டு, போனை எடுக்காமல் இருந்தால் பஞ்சி பிடித்தவன், குடிக்கிறான், வேறு எங்கோ வேலை தேடுகிறான் என்று அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அந்தக் காரணத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், பைலில் ஏறும். கடிதங்கள் ஏறிய பிறகு இல்லை சேர், எனக்கு வருத்தம் என்றால் சாட்டுச் சொல்வதாகத்தான் எடுப்பார்கள். அதனால் உங்கள் வேலை வெளியே தெரியும்படி குறையத் தொடங்கியிருந்தால், முதல் எச்சரிக்கை வரும் முன்பே ஏதாவது ஒரு அளவில் சொல்வதுதான் நல்லது என்பது என் முடிவு.

யுத்தம், 2004 சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு என்று இந்தக் கரையில் இழப்பு இல்லாத வீடு குறைவு. உங்கள் மேலதிகாரியின் வீட்டிலும் ஒருவர் இதே கிளினிக்குக்குப் போயிருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளர்ந்தவர்கள் நூறு பேரை எடுத்தால் ஐந்து பேர் அளவில் மனச்சோர்வு உள்ளவர்கள். முப்பது நாற்பது பேர் இருக்கிற ஒபிஸில் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம்.

எந்த அளவுக்குச் சொல்வது

ஒன்றும் சொல்லாமல் விடுவது ஒரு அளவு. மருந்து எடுக்கிறேன், இன்ன உதவி வேண்டும் என்று மட்டும் சொல்வது அடுத்த அளவு. நோயின் பெயரோடு சொல்வது மூன்றாவது. நம்முடைய ஊர் நிலைமையில் பெரும்பாலான ஆட்களுக்கு நடுவில் இருப்பதுதான் பொருத்தம். கீழே இருந்து மேலே எப்போது வேண்டுமென்றாலும் போகலாம், மேலே இருந்து கீழே இறங்க முடியாது, சொன்னது சொன்னதுதான்.

பெயரோடு சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. நீண்ட மெடிக்கல் லீவு வேண்டும், சான்றிதழில் பெயர் இருக்கத்தான் போகிறது என்றால், அது கிளாக் வாயால் மனேஜருக்குப் போகும் முன் உங்கள் வாயால் போகட்டும். உங்கள் மேலதிகாரி இதற்கு முன் யாரோ ஒருவருடைய நோயை மரியாதையாகக் கையாண்டதை நீங்கள் கண்ணால் கண்டிருந்தால் அவரிடம் சொல்லலாம். இதுதான் நான் பார்க்கிற பெரிய அளவுகோல். மேலதிகாரி உங்களோடு எவ்வளவு சிரித்துப் பேசுகிறார் என்பதைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி உங்களிடம் என்ன பேசுகிறார் என்பதைப் பாருங்கள்.

நான் பிழைவிட்டது இப்படி. மாதக் கூட்டத்தில் எட்டுப் பேருக்கு முன் இலக்கு குறைந்ததற்கு மனேஜர் ஏசினார். எனக்குத் தொண்டை அடைத்து, "சேர், எனக்கு மன வருத்தம், குளிசை குடிக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அறை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை, அடுத்த நாளே தோளில் தட்டினார். ஆனால் என் பகுதியை வேறு ஆளுக்குக் கொடுத்து என்னை ஒரு மேசையில் இருத்தி, பாவம் அவருக்கு வேலை ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தார். வேலையில்லாமல் நாள் முழுக்க மேசையில் இருப்பது மனச்சோர்வுக்காரனுக்குச் செய்யக்கூடிய மோசமான உதவி. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை என்பதை இப்போது நினைக்கிறேன். நோயை மட்டும் சொன்னேன், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார்.

வாய் திறக்கிற நாள்

தனியாகச் சொல்லுங்கள், எழுத்தில் முதலில் வேண்டாம், போனில் வேண்டாம். ஏச்சு வாங்கிய நாளிலும் மாத முடிவிலும் வேண்டாம். உங்களுக்கு எந்த நேரம் தெம்போ அந்த நேரம் கேளுங்கள். "சேர், ஒரு பத்து நிமிஷம் தனியாக் கதைக்கணும்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். சொல்லப்போவதை வீட்டில் இரண்டு மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அழுகை வருகிற இடம் தெரியும், அந்த வரியைச் சுருக்கிவிடலாம்.

பிறகு ஆரையம்பதிப் பக்கம் கட்டடச் சாமான் கடையில் கணக்கு எழுதப் போனபோது முதலாளியிடம் நான் சொன்னது கிட்டத்தட்ட இவ்வளவுதான்: "முதலாளி, ஒரு வருத்தத்துக்கு நான் ஆஸ்பத்திரியில மருந்து எடுக்கிறன். இப்ப பரவால்ல, சுகமாகிட்டு வருது. மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக், அண்டைக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவன். இன்னும் ரெண்டு மாசத்துக்குக் காலையில ஒம்பதரைக்கு வந்து, பின்னேரம் அந்த நேரத்த நிண்டு முடிச்சுத் தாறன். கணக்குல பிழை வராது." காத்தான்குடிக்காரர், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன வருத்தம் தம்பி?" என்றார். இந்தக் கேள்வி கட்டாயம் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள். நான் சொன்னது, "நித்திரையும் உடம்புச் சோர்வும் முதலாளி, டொக்டர் பாத்துக்கிட்டு இருக்கார்." அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அவர் "சரி, நேரத்தை மட்டும் ஒழுங்கா எழுதிப் போடுங்க" என்றார். ஒரு வருடம் கழித்து நானாகவே பெயரைச் சொன்னேன். அவர் தன் வாப்பாவைப் பற்றிச் சொன்னார்.

அந்தப் பேச்சின் அமைப்பைப் பாருங்கள். சிகிச்சை நடக்கிறது, இன்னது வேண்டும், இவ்வளவு காலத்துக்கு, இதற்குப் பதிலாக நான் இதைச் செய்வேன். காலவரையைச் சொல்வது முக்கியம். இரண்டு மாதம் என்று கேட்டால் கொடுப்பார்கள், எவ்வளவு காலம் என்று தெரியாத ஒன்றைக் கேட்டால் பயப்படுவார்கள். தேவைப்பட்டால் இரண்டு மாதம் முடிய இன்னொரு மாதம் கேட்கலாம்.

பேசி முடிந்ததும் அன்றைக்கே சின்னச் செய்தி ஒன்று அனுப்புங்கள், இன்று கதைத்தபடி இன்ன நாள் முதல் ஒன்பதரைக்கு வருகிறேன், மிக்க நன்றி சேர் என்று. நோயைப் பற்றி ஒரு சொல்லும் அதில் வேண்டாம். மனேஜர் மாறிப் போனாலும், பிந்தி வருகிறார் என்று யாராவது கிளப்பினாலும் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். இந்த விஷயம் அவரோடு நிற்க வேண்டும் என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள், "சேர், இது உங்களோட இருக்கட்டும்." கேட்காவிட்டால் பலருக்கு அது இரகசியம் என்றே தோன்றாது.

அரச உத்தியோகத்தர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. பிரதேச செயலகம், திணைக்களம் போன்ற இடங்களில் வருடத்துக்குக் கெசுவல் 21, வெக்கேஷன் 24 என்று 45 நாள் இருக்கிறது, தாபனக் கோவையின் 12ஆம் அத்தியாயம்தான் லீவு பற்றியது, வாசித்து வையுங்கள். சும்மா வேலையை விட்டு நிறுத்தமாட்டார்கள் என்ற தைரியம் உண்டு, அதனால் சொல்வது லேசு. ஆனால் பைல் நீங்கள் இடமாற்றம் போகிற இடமெல்லாம் பின்னால் வரும். நீண்ட மெடிக்கல் போனால் மருத்துவச் சபைக்கும் அனுப்பலாம். லீவு அறிவிக்காமல் வராமல் இருப்பதை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டாம், எழும்ப முடியாத நாளிலும் வீட்டில் ஒருவர் ஒபிஸுக்கு அறிவிக்கட்டும். அறிவிக்காமல் நின்ற நாட்கள் பதவியை விட்டுப் போனதாகக் கணக்காகி, நோயை விடப் பெரிய பிரச்சினையாகிவிடும்.

சொன்ன பிறகு

ஒரு கிழமைக்கு எல்லாரும் உங்களையே பார்ப்பது மாதிரி இருக்கும். பாதி உங்கள் நோய் காட்டுவது, பாதி உண்மையாகவும் இருக்கலாம். யாராவது நேரே வந்து "என்ன, ஆஸ்பத்திரிக்குப் போறீங்களாம்?" என்றால், "ஓம், ஒரு வருத்தம், இப்ப சுகம்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் முடிவே இருக்காது. நம்பிக்கையான ஒருவரை மட்டும் வேலையிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முகம் வாடினால் தேத்தண்ணிக்குக் கூப்பிட ஒரு ஆள், அது போதும்.

கேலி, வேலை பறிப்பு, விட்டுவிட்டுப் போ என்று நெருக்குதல் இப்படி ஏதாவது தொடங்கினால் திகதி, நேரம், சொன்ன சொல், பக்கத்தில் யார் நின்றார் என்று அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். கையெழுத்து வேண்டாம், ராஜினாமா வேண்டாம். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க சட்டத்தரணி தேவை இல்லை, நீங்களே போகலாம். அந்த நாட்களில் போய் நிற்கத் தெம்பு இருக்காது என்பது எனக்குத் தெரியும், அண்ணனையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

சுகமாகிவிட்டது என்று தோன்றியதும் குளிசையை நிறுத்துகிறவர்கள் பலர், வேலையில் இனி யாருக்கும் எதையும் மறைக்க வேண்டாம் என்ற ஆசையும் அதற்கு ஒரு காரணம். முதல் தடவை வந்த மனச்சோர்வுக்கே, சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடர வேண்டும் என்றுதான் டொக்டர்கள் சொல்கிறார்கள், திடீரென்று விட்டால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பும். அதனால் மாதத்தில் அந்த ஒரு கிளினிக் நாளை உங்கள் லீவுக் கணக்கில் ஒரு வருடத்துக்காவது ஒதுக்கி வையுங்கள்.

நீண்ட லீவில் இருந்து திரும்புகிறவர்கள் திங்கட்கிழமை போக வேண்டாம். புதன் அல்லது வியாழன் போங்கள், இரண்டு மூன்று நாளில் சனி ஞாயிறு வந்துவிடும். முதல் நாள் காலையில் வாசலில் கேட்கப்போகிற கேள்விக்கான அந்த ஒரு வரிப் பதிலை அதற்கு முந்திய இரவே சொல்லிப் பார்த்துக்கொண்டு போங்கள்.